ஆறு பெட்டியில் "பார்த்தாச்சு"

பிப்ரவரி 4

தம்பிக்கு,

என் நம்பரை நீ பிளாக் பண்ணி ரெண்டு வருஷம் முடிஞ்சு போச்சு. அதனாலதான் காகிதமும் பேனாவும். இந்தக் காலத்துல கூடப்பிறந்த அக்கா கடுதாசி எழுதி லாரிக்காரர் கையில கொடுத்து அனுப்பற நிலைமைக்குக் கொண்டு வந்து விட்டுட்டே, சந்தோஷமா? மீசைக்காரர் வேற சிரிக்கிறார். "என்னம்மா, சரக்கை இறக்கறதோட தூது போற வேலையும் எனக்கா?"ன்னு கேட்டார். என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு இப்ப வண்டியில உட்கார்ந்து காத்துக்கிட்டிருக்கார்.

சுத்தி வளைக்கல. உன்கிட்ட எனக்கு ஒரு வேலை ஆகணும். நமக்கு ரப்பர் ஏத்தி வந்த கன்டெய்னர் உங்க ஊர் துறைமுகத்துல ஏழு வாரமா கிடக்கு. முதல்ல கப்பல் சுத்து வழியில வருதுன்னாங்க. கப்பல் வந்ததும் ஒரு பேப்பர் சரியில்லைன்னாங்க. அந்தப் பேப்பரை அனுப்பினா அதைப் பார்க்கற ஆபீசர் லீவுன்னாங்க. போன்ல கேட்டுக் கேட்டு என் தொண்டைதான் வத்திப் போச்சு. நீ நேர்ல போனா என்ன ஏதுன்னு தெரியும். போவியா?

ஒரு விரலை உள்ளே விட்டா நிறையற அளவு ரப்பர் கிண்ணம், ஒரு பிரேக் கப். ஓடற வண்டியை நிறுத்தற அந்தக் கிண்ணத்தைச் செய்ய நாலு நாட்டுச் சாமான் வர வேண்டியிருக்கு. அதுல ஒண்ணு வரலைன்னா பட்டறையே வாயை மூடிக்கிட்டு உட்காருது. டிசம்பர்ல, ரப்பர் கலக்கற நம்ம மிக்சிங் அண்ணன் பொறுக்க முடியாம உள்ளூர் ரப்பரை வெச்சு ஒரு லாட் ஓட்டிப் பார்த்தார். பிரேக் ஆயில்ல ஊறப் போட்டதும் பல்வலிக்காரன் கன்னம் மாதிரி உப்பிடுச்சு. எல்லாத்தையும் பின் அலமாரியில ஏத்தி வெச்சாச்சு. அச்சு அழுத்திக்கிட்டிருந்த ரெண்டு பேர் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கற வேலைக்குப் போயிட்டாங்க. மொட்டை வெயில்ல சுத்தினாலும் நம்ம அச்சு மெஷின் பக்கத்துல நிக்கறதுக்கு அது குளுகுளுன்னு இருக்காம். 

இப்ப நீ வேலை பார்க்கற கம்பெனி கொடுக்கற ஆர்டர்தான் பட்டறையைத் தாங்கிக்கிட்டிருக்கு. உங்க ஆளுங்க கொஞ்சநஞ்சமாவா படுத்தறாங்க? ஒவ்வொரு பெட்டியிலயும் கம்ப்யூட்டர் ஸ்டிக்கர் இருக்கணும், அறுபத்து நாலு பெட்டியும் ஒண்ணாவே வரணும், மூணு நாள் தள்ளிப் போனா ஆர்டர் வேற ஆளுக்குன்னு எழுதியே அனுப்பிட்டாங்க. படிப்பை முடிச்சுட்டு பாப்பா வந்து உட்கார்ந்ததாலதான் தப்பிச்சேன். என் பொண்ணாச்சே, எடுத்த வேலையை முடிக்காம விட மாட்டா. பட்டறை முழுக்க ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிட்டா. அலமாரி, மேசை, ஸ்டூல்னு ஒண்ணையும் விடல. என் முதுகு ஒண்ணுதான் பாக்கி.

அறுபத்து நாலு பெட்டியும் இந்த லாரியில வருது. குடோன்ல சரக்கு இறக்கி எடுத்துக்கறவன் நீதான்னு மீசைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்காக வேண்டாம், இங்க இருக்கற பத்தொன்பது பேருக்காகத் துறைமுகம் வரைக்கும் போயிட்டு வா.

அந்த நாற்காலி விஷயத்தைப் பத்தி இதுல எழுதல. எழுதினா சண்டை வரும்.

அக்கா

பிப்ரவரி 16

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெட்டிகளும் கிடைத்தன.

இப்படி ஆபீஸ் பாஷையிலேயே எழுதி முடிச்சுடணும்னு உட்கார்ந்தேன். முடியல.

துறைமுகத்துக்கு மூணு தடவை போனேன். பத்தொன்பது பேருக்காகத்தான். நீ அனுப்பின பேப்பர்ல "ரப்பர் பாளம்"னு இருக்கு, கப்பல்காரன் பேப்பர்ல "ரப்பர் தாள்"னு இருக்கு. இவ்வளவுதான் விஷயம். எட்டு ஒன்பது வாரமா ஒரு சொல்லுக்காகக் கன்டெய்னர் வெயில்ல காயுது. திருத்தி எழுதிக் கொடுத்திருக்கேன். மாசக் கடைசிக்குள்ள விட்டுடுவாங்க.

இப்ப என் விஷயத்துக்கு வர்றேன். பெட்டிகளை இறக்கின அன்னைக்கு உன் கடுதாசியைப் பையில வெச்சுக்கிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு அக்கா எழுதியிருக்காளேன்னு சந்தோஷமாத்தான் இருந்தேன். படிக்கறதுக்கு முன்னாடியே ஆறு பெட்டி கண்ணுல பட்டுடுச்சு. மேல் மூடியில சாக்பீஸால பெரிசு பெரிசா "பார்த்தாச்சு".

பட்டறையை நடத்தின காலத்துல அப்பா வாயில கெட்டதுங்கற வார்த்தை வராது. கெட்டதுன்னு எழுதினா அன்னைக்கு அச்சு அழுத்தினவன் முகம் வாடும்னு சொல்லுவார். அதனால தேறாத சரக்கு மேலெல்லாம் "பார்த்தாச்சு"ன்னு எழுதி ஓரமா வைப்பார். உன்னைப் பொண்ணு பார்க்க வந்து உனக்குப் பிடிக்காமப் போன மூணு பேரையும் அவர் அப்படித்தான் சொல்வார். "அந்த வாத்தியாரா? பார்த்தாச்சு." அதைச் சொல்லிச் சொல்லி எவ்வளவு சிரிச்சிருக்கோம். நம்ம பட்டறையைத் தாண்டினா அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது.

ரெண்டு வருஷம் முன்னாடி, பக்கத்து ஊர் ரப்பரை வாங்கலாம்னு நான் யோசனை சொல்லி, அந்த லாட் கெட்டுப் போன அன்னைக்கு நீ என்ன பண்ணினே? அத்தனை பேரும் பார்த்துக்கிட்டிருக்க, சாக்பீஸை எடுத்து என் நாற்காலி முதுகுல அதே வார்த்தையை எழுதினே. சிரிச்சுக்கிட்டே எழுதினே. அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

இப்ப என் குடோனுக்கும் அனுப்பியிருக்கே. பெட்டியில பாப்பா ஒட்டின ஸ்டிக்கர் "தேர்வு"ன்னு சொல்லுது, மெஷின்ல காட்டினா பச்சை விளக்கு எரியுது. நல்ல சரக்கு மேல எதுக்கு அந்த வார்த்தை? எனக்காகத்தானே? உதவி கேட்டு ஒரு கடுதாசி, கூடவே ஆறு பெட்டியில ஒரு குத்தல். உன்னால மட்டும்தான் இது முடியும்.

ஈரத்துணி எடுத்து ஆறையும் நானே துடைச்சுட்டேன். இங்க யாரும் பார்க்கல.

மீசைக்காரர் வண்டியில பிரேக் இறங்குதுன்னார். துடைச்ச பெட்டி ஒண்ணு மேசை மேலயே கிடந்தது, அதுல இருந்தே ஒரு செட் எடுத்துக் கொடுத்தேன். "உங்க அக்கா சரக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்"னு மாட்டிக்கிட்டார். அவர் கிட்டதான் இதையும் கொடுத்து அனுப்பறேன்.

தம்பி

பிப்ரவரி 18, மத்தியானம்

டேய்,

நான் எழுதலடா. சத்தியமா நான் எழுதல.

அவசரத்துல எழுதறேன், எழுத்து கோணலா இருக்கும், படிச்சுக்கோ. அது உனக்கு எழுதினது இல்ல. அது நிஜமான பார்த்தாச்சு. டிசம்பர்ல உப்பிப் போன லாட் அது. எழுதினது மிக்சிங் அண்ணன். புள்ளியே வைக்காம எழுதுற மனுஷன் அவர், நான் ஒரு புள்ளியைக்கூட விட மாட்டேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டுல வளர்ந்தும் அதைக்கூட நின்னு பார்க்கத் தோணலையா உனக்கு?

பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். பின் அலமாரியில இருந்த பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும்போது மூடியில பார்த்தாச்சுன்னு இருந்ததாம். அண்ணன் பார்த்துட்டார், சரியா இருக்குன்னு அர்த்தம்னு நினைச்சு "தேர்வு"ன்னு போட்டிருக்கா. வேற என்ன நினைப்பா? யாராவது அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா? ஊர்ல யாரைக் கேட்டாலும் அந்த வார்த்தைக்கு அவ சொன்ன அர்த்தத்தைத்தான் சொல்வாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் அண்ணனுக்கும்தான் அது தலைகீழ்.

மீசைக்காரர் காலையில வந்து உன் கடுதாசியை மேசையில வெச்சுட்டு, மூட்டை ஏத்திக்கிட்டு மலை ரோட்டுல கிளம்பிட்டார். நான் அச்சு மெஷின் கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். என்ன பெரிசா எழுதியிருக்கப் போறான்னு வீம்பா, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கவரைக் கிழிச்சேன். அவர் வண்டியில மாட்டியிருக்கறது அந்தப் பெட்டிதான்னு படிச்சதும் ஓடிப் போய்ப் போனை எடுத்தேன். பதினாறு தடவை போன் போட்டாச்சு. ஓட்டும்போது போன் எடுக்கறதில்லைங்கறது அவரோட பெருமை. உனக்கே தெரியும்.

பாப்பா போன்ல இருந்து உன்னைக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வெச்சுட்டு, அந்த நம்பரையும் பிளாக் பண்ணிட்டே. குடோன் நம்பர்ல நீ துறைமுகம் போயிருக்கேன்னு சொன்னாங்க. எடுத்தவன் கிட்ட "பார்த்தாச்சுன்னு எழுதின ஆறு பெட்டியைத் தொடாதீங்க"ன்னு கத்தினேன். "அப்படி எழுதின பெட்டி எதுவும் இங்க இல்லையேம்மா"ன்னான். நீதான் துடைச்சுட்டியே!

அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு மலை ரோட்டுல போயிருக்கார். இதை எடுத்துக்கிட்டு பாப்பா அடுத்த பஸ்ல வர்றா. அவளைத் திட்டாதே. நீ சொன்னாத்தான் சரக்கை நிறுத்துவாங்களாம், ஒரு பெட்டியையும் வெளியில விடாதே. என் நம்பரைத் திற, உனக்குப் புண்ணியமாப் போகும்.

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

போன்ல உனக்குச் சொன்னது பாதிதான். மீதியைச் சொல்ல வாய் வரல. ஆஸ்பத்திரி வராந்தாவுல பெஞ்ச்ல உட்கார்ந்து எழுதறேன். பாப்பா பக்கத்துல இருக்கா. நேத்துல இருந்து ஒரு வாய் தண்ணிதான் குடிச்சிருக்கா.

மூணாவது வளைவு இறக்கத்துல மிதிச்ச பெடல் அப்படியே அடியில போய் ஒட்டிக்கிச்சாம். மேல வரவே இல்லையாம். வலது பக்கம் பஸ்ஸுக்கு ஆளுங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. அவர் கியரை இறக்கி, இடது பக்கச் சுவர்ல வண்டியை உரசி உரசி, யாரோ வீடு கட்டக் கொட்டி வெச்சிருந்த மணல்ல கொண்டு போய்ச் சொருகிட்டார். நம்ம மிக்சிங் அண்ணன் போய்ச் சேர்ந்தப்போ கதவை வளைச்சு அவரை வெளியில எடுத்துக்கிட்டிருந்தாங்களாம். வேற யாருக்கும் ஒரு கீறல் இல்ல. இவருக்கு வலது கால் ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு. திரும்ப லாரி ஓட்ட முடியுமான்னு கேட்டேன். டாக்டர் என்னைப் பார்க்காம நர்ஸைப் பார்த்துப் பேசினார்.

இன்னைக்குக் காலையில கண் முழிச்சார். என்னைப் பார்த்ததும் சிரிச்சார். "தம்பி, ஏதோ ஆயில் குழாய் வெடிச்சிருக்கும் போல. உங்க அக்கா போட்ட கப் இருந்ததாலதான் வண்டி அவ்வளவு தூரமாவது சொன்ன பேச்சு கேட்டுச்சு"ன்னார்.  பாப்பா எழுந்து வெளியில ஓடிட்டா. நான் தலையை மட்டும் ஆட்டிட்டு வந்துட்டேன். எப்படி ஆட்டினேன்னு எனக்கே புரியல.

குடோன் நிலவரத்தைக் கேட்டுக்கோ. அறுபத்து நாலுல முப்பத்து மூணு பெட்டி இங்க இருக்கு, முப்பத்தொண்ணு கடைகளுக்குப் போயாச்சு. அந்த ஆறும் எதுன்னு யாருக்கும் தெரியாது. ஸ்டிக்கரும் ஒண்ணுதான், பெட்டியும் ஒண்ணுதான். வித்தியாசம் காட்டினது அந்தச் சாக்பீஸ் ஒண்ணுதான். கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு மூலை முடுக்கு விடாம துடைச்சேன். ரெண்டு பெட்டியிலயாவது கொஞ்சம் மிச்சம் விட்டிருக்கக் கூடாதா நான்?

நானும் பாப்பாவும் முப்பத்து மூணையும் பிரிச்சு, ஒவ்வொரு பெட்டியில இருந்தும் ஒரு கப்பை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால அழுத்திப் பார்த்தோம். நல்லதுல நகத்தோட தடம் உடனே மறைஞ்சுடும். மேசை மேல கிடந்த பெட்டியில மறையல. அலமாரியில இன்னொண்ணு சிக்கிச்சு. பிரேக் ஆயில்ல போட்டோம், கண் முன்னாடியே உப்பிடுச்சு. ஆக, வெளியில நாலு பெட்டி சுத்திக்கிட்டிருக்கு. எந்தக் கடையில, எந்த வண்டியிலன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மேனேஜர் கிட்டப் போனேன். கதவைச் சாத்தினார். "லாரிக்காரர் விபத்து வேற, இது வேற. நாலு பெட்டிதானே, சத்தம் போடாம கடைகளுக்கு ஆள் அனுப்பி மாத்திடலாம். பிரேக் கப் கோளாறுன்னு வெளியில சொன்னா உங்க அக்கா பட்டறை அன்னைக்கே மூடுது, உன் வேலையும் அதோட சரி"ன்னார். ஆனா எந்தக் கடைன்னே தெரியாம எப்படிச் சத்தம் போடாம மாத்தறது? முப்பத்தொண்ணு பெட்டி போன அத்தனை கடைக்கும் சொல்லியாகணும். சரக்கைச் செஞ்சவங்க கையெழுத்து போட்டு எழுதிக் கொடுத்தாத்தான் கடைக்காரங்க திருப்பிக் கொடுப்பாங்க.

எனக்கு முடிவெடுக்கத் தைரியம் வரல. பத்தொன்பது பேர் முகம் கண் முன்னாடி நிக்குது. நீ சொல்லு.

தம்பி

பிப்ரவரி 21

தம்பிக்கு,

இதை இன்னைக்கே பஸ் கண்டக்டர் கையில கொடுத்து அனுப்பறேன். இதோட ஒரு தாள் இருக்கு பாரு, கையெழுத்து போட்டிருக்கேன். அறுபத்து நாலையும் திருப்பி எடு. மாட்டின வண்டி ஓடக் கூடாது, ஓட்டறவங்க இறங்கிடணும்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன். பட்டறை பேரும் போட்டிருக்கேன். உங்க மேனேஜர் கதவைச் சாத்தினா, தாளை வெளியில நின்னுக்கிட்டே எல்லாக் கடைக்கும் அனுப்பிடு. அவர் கதவு, அவர் சாத்திக்கட்டும்.

பத்தொன்பது பேரையும் நிக்க வெச்சுச் சொல்லிட்டேன்.  மிக்சிங் அண்ணன், "நான் கீழே என் பேரையும் எழுதியிருந்தா தம்பிக்கு என் எழுத்துன்னு தெரிஞ்சிருக்குமே"ன்னு சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்ல. 

இப்ப நான் ஒண்ணு சொல்லணும். நீ துடைச்சதையும், பாப்பா ஒட்டினதையும் நெனைச்சு ரெண்டு பேரும் உங்களையே தின்னுக்கிட்டிருக்கீங்க. என்னோடதைக் கேளு.

லோடு ஏத்தறதுக்கு முந்தின நாள் நான் எண்ணினேன். ஐம்பத்தெட்டுதான் இருந்தது. ஆறு குறையுது, ஆர்டர் போச்சுன்னு தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டேன். மறுநாள் காலையில பாப்பா கம்ப்யூட்டர்ல இருந்து தாளை எடுத்துக்கிட்டு வந்து, "அம்மா, அறுபத்து நாலு சரியா இருக்கு"ன்னா. ரப்பர் இல்ல, மெஷின் ஓடல, ஒரே நாள்ல ஆறு பெட்டி எங்கிருந்து முளைக்கும்? கேட்டேனா? கேக்கல. எண்ணிக்கை வந்துடுச்சேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். மடமடன்னு கையெழுத்து போட்டுட்டேன். கேக்கணும்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் சொல்லிச்சுடா. கேட்டா அந்த ஆறு காணாமப் போயிடுமோன்னு பயந்துதான் கேக்கல.

படிச்சதும் உனக்கு எப்படி இருக்கும்னு தெரியல. எழுதின எனக்கே அதிர்ச்சியாத்தான் இருக்கு. நான் நல்லவ, கறாரானவ, அப்பா மாதிரின்னு இத்தனை நாள் என்னைப் பத்தி நினைச்சுக்கிட்டிருந்தேன்.

மீசைக்காரர் கிட்ட நீ எதுவும் சொல்லாதே. தலையை ஆட்டினது ஆட்டினதா இருக்கட்டும். நான் நாளைக்கு முதல் பஸ்ல வர்றேன். அவர் முகத்தைப் பார்த்து நானே சொல்றேன். காரித் துப்பினா துடைச்சுக்கறேன். பாப்பாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துச் சாப்பிட வை.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

நாலு பெட்டியும் கிடைச்சாச்சு. முதல்ல அதைச் சொல்லிடறேன், நீ மூச்சு விடு.

மூணு பெட்டி கடைகள்ல பிரிக்காமலே இருந்தது. நாலாவதை ஒரு மெக்கானிக் வாங்கி அஞ்சு வண்டிக்கு மாட்டியிருந்தார். நாலு வண்டியை அன்னைக்கே நிறுத்திட்டோம். அஞ்சாவது வண்டி எதுன்னு கேட்டா, "நீல வேன், ஓட்டினவர் நல்லா ஜோக் அடிச்சார்"ங்கறார். இதை வெச்சுக்கிட்டு எங்க போய்த் தேடறது? நானும் பாப்பாவும் ஒன்பது நாள் ஸ்டாண்டு ஸ்டாண்டா அலைஞ்சோம். நீல வேன் ஓட்டற அத்தனை பேரும் எங்க கிட்ட ஜோக் அடிச்சாங்க. கடைசியில பள்ளிக்கூட வாசல்ல நின்னுக்கிட்டிருந்தது. உள்ளே பிள்ளைங்க ஏறி உட்கார்ந்தாச்சு. பாப்பா போய் வண்டிக்கு முன்னாடி ரோட்டுலயே உட்கார்ந்துட்டா. நான் பெடலை மிதிச்சுப் பார்த்தேன். பாதிக்கு மேல இறங்கிடுச்சு. என் காலுக்குக் கீழ அது இறங்கினதை இன்னும் என்னால மறக்க முடியல.

மீசைக்காரர் விஷயம். நீ வந்து சொல்லிட்டுப் போன பிறகு மூணு நாள் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டார். சாப்பாடு கொண்டு போனா வாங்கல. நாலாவது நாள் தானாவே கேட்டார், "எதிர்ப்பக்கம் நின்ன ஆளுங்கள்ல யாருக்காவது அடியா?" இல்லைன்னேன். "சரி"ன்னார். அவ்வளவுதான். மன்னிச்சாரான்னு கேக்காதே, எனக்குத் தெரியல. கால்ல கம்பி வெச்சிருக்காங்க. லாரி இனி ஓட்ட முடியாதுன்னு தீர்மானமாச் சொல்லிட்டாங்க.

எனக்கு வேலை போச்சு. உனக்கு ஆர்டர் போச்சு, கடிதம் வந்திருக்குமே. நேத்து துறைமுகத்துல இருந்து போன் வந்தது. கன்டெய்னரை விட்டுட்டாங்களாம். முதல் தரமான ரப்பர், வந்து எடுத்துக்கோங்கன்னான். நான் நடு ரோட்டுல நின்னு சிரிச்சேன். பாப்பா பயந்துட்டா.

ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதே. அந்த வார்த்தை அப்பாவுக்கும் நம்ம ரெண்டு பேருக்கும் ரொம்ப வசதியா இருந்துச்சு. கெட்டதைக் கெட்டதுன்னு யார் கிட்டயும் சொல்லாமலே காலத்தை ஓட்டிட்டோம். நீயும் என்கிட்ட கோவம்னு சொல்லல, நாற்காலியில எழுதினே. நானும் எனக்கு வலிச்சுதுன்னு சொல்லல, நம்பரைப் பிளாக் பண்ணினேன்.

அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

நம்பரைத் திறந்துட்டே, தினம் பேசறோம், அப்புறம் எதுக்குக் கடுதாசின்னு நீ கேப்பே. போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான்.

பட்டறை மூடல. பாதி மூடியிருக்குன்னு வெச்சுக்கோ. ஏழு பேர் போயிட்டாங்க, பன்னிரண்டு பேர் இருக்காங்க. பிரேக் கப் இப்போதைக்குச் செய்யல, யாரும் வாங்கவும் மாட்டாங்க. வந்த ரப்பரை வெச்சுக் கதவுக்கு, மேசைக் காலுக்குன்னு அடிச்சுக்கிட்டிருக்கோம். கெட்டுப் போனாலும் ஆள் சாகாத சாமான். மீசைக்காரர் கிட்ட, காலை ஊன்ற ஆரம்பிச்சதும் சரக்கு வாசலை விட்டுப் போறதுக்கு முன்னாடி பார்த்து விடற வேலைக்கு வரீங்களான்னு கேட்டு ஆள் அனுப்பினேன். "யோசிக்கறேன்"னு சொல்லியிருக்கார். "அந்தம்மா கையெழுத்து போட்டாலும் நான் திருப்பிப் பார்ப்பேன், சம்மதமா?"ன்னும் கேட்டிருக்கார். சம்மதம்னு சொல்லி அனுப்பிட்டேன்.

சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிப் போட்டாச்சு. இப்ப சிவப்புப் பெயின்ட். மிக்சிங் அண்ணன் "கெட்டது"ன்னு எழுதறார், ஒரு புள்ளியும் விடறதில்ல. முதல் தடவை எழுதும்போது அவர் கை என்னமோ தயங்கிச்சு. அச்சு அழுத்தின பையன் முகமும் வாடித்தான் போச்சு. வாடட்டும். சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்திக்கலாம்.

நேத்து பாப்பாவும் நானும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பட்டறையில இருக்கற சாமான் ஒவ்வொண்ணாச் சரி பார்த்தோம். பார்த்தாச்சுன்னு எதுல எதுல எழுதியிருந்ததோ, அதையெல்லாம் அவ "தேர்வு"ன்னு போட்டு வெச்சிருக்காளே, எல்லாத்தையும் மாத்தணுமே. உடைஞ்ச அச்சு ரெண்டு, கிழிஞ்ச பெல்ட் ஒண்ணுன்னு மாத்திக்கிட்டே வந்தோம். பட்டியல்ல கடைசியா ஒரு நாற்காலி வந்துச்சு.

உன்னோடது. ரெண்டு வருஷமா அது உன் மேசைக்குப் பின்னாடி அப்படியேதான் இருக்கு. யாரையும் அதுல உட்கார விடல, எழுத்தையும் துடைக்கல. அவன் ரோஷம் தணிஞ்சா அவனே வந்து துடைப்பான்னு விட்டு வெச்சேன். நான் வந்து துடைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு, அவ்வளவு திமிர். பாப்பா அந்த நாற்காலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா. முதுகுல நான் எழுதி வெச்சதைப் படிச்சுட்டு, அதையும் "தேர்வு"ன்னு போட்டு வெச்சிருக்கா.

"இதையும் மாத்தணுமாம்மா?"ன்னு கேட்டா.

நான் எழுந்து போய் ஈரத்துணி எடுத்துச் சாக்பீஸைத் துடைச்சேன். ரெண்டு வருஷத்துல நல்லா ஊறிப் போயிருந்தது, சீக்கிரம் போகல. ஸ்டிக்கரைத் தொடல.

எப்ப வர்றே?

அக்கா